படம் உண்மையாக இருந்தும் செய்தி பொய்யாவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் உங்கள் பெரியம்மா ஒரு காணொலியைப் போடுகிறார். நீங்கள் "இது பொய்ச் செய்தி" என்கிறீர்கள். "கண்ணுக்கு எதிரே ஓடுகிற காணொலி எப்படிப் பொய்யாகும்?" என்று அவர் கேட்க, பேச்சு மனத்தாங்கலில் முடிகிறது. பொய்ச் செய்தியில் வகைகள் இருக்கின்றனவா, அவற்றைத் தெரிந்துகொள்வதால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியம்மாவின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் சொல்வதில் பாதி சரியும்கூட. குழுக்களில் சுற்றும் காணொலிகள் பல, எங்கோ ஒருவர் நிஜமாகவே எடுத்தவைதான்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் நெடுங்காலம் துணையாசிரியராக இருந்தவன். இப்போது செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் இதைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். பத்திரிகை மேசையில் கற்றதையும் வகுப்புகளில் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். சட்டம் படித்தவனல்ல, கணினித் துறையும் என்னுடையதல்ல. அந்த இரண்டையும் தொடும் இடங்களில் என் சொல்லை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வகைகள் உண்டு. அதிகம் எடுத்தாளப்படுவது கிளேர் வார்டில் என்ற ஆய்வாளர் 2017-இல் தந்த பகுப்பு. நையாண்டி, உள்ளடக்கத்தோடு ஒட்டாத தலைப்பு, திசைதிருப்பும் விதத்தில் சொல்லப்பட்ட உண்மை, இடம் மாற்றி ஒட்டப்பட்ட உண்மை, இன்னொருவர் பெயரில் வரும் போலி, திருத்தப்பட்ட படம், அடியோடு புனையப்பட்டது என்று அவர் ஏழாகப் பிரித்தார். அதே ஆண்டு அவரும் ஹொசைன் டெரக்‌ஷானும் ஐரோப்பிய மன்றத்துக்காக எழுதிய அறிக்கையில் நோக்கத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: தெரியாமல் பரப்பும் தவறு, தெரிந்தே பரப்பும் பொய், யாரையாவது காயப்படுத்துவதற்காக வெளியில் விடப்படும் உண்மை. ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ வீட்டு முகவரியையோ பரப்புவது அந்த மூன்றாவதில் வரும். அதில் பொய்யே இல்லை, கேடு மட்டும் உண்டு.

இந்த இரண்டில் குடும்பக் குழுவுக்கு உதவுவது முதல் பகுப்புதான் என்பது என் கருத்து. நோக்கத்தை வைத்துப் பிரிப்பது விசாரணை நடத்துகிறவர்களுக்குத் தேவைப்படும். நமக்கோ, முதலில் அனுப்பியவர் மனத்தில் என்ன இருந்தது என்று தெரிய வழியில்லை. மேலும், ஒரே செய்தி போகிற வழியில் வகை மாறிவிடுகிறது. ஒருவன் காசுக்காகக் கட்டிய பொய்யைப் பெரியம்மா பேரப்பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் அனுப்புகிறார். அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நான் அதிகம் அஞ்சுவது இடம் மாற்றி ஒட்டப்பட்ட உண்மையைத்தான். காணொலி அசல், ஆள் அசல், அழுகை அசல். ஊரும் நாளும் மட்டும் வேறு. 2018-இல் இந்தியா முழுவதும் ஒரு காணொலி சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் பிள்ளைகளில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு தொண்டு அமைப்பின் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம் அது. முழுப் படத்தில் அந்த இருவரே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு பிள்ளையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்தார்கள். மீதி, கடத்தல் கும்பலை நேரில் பிடித்த காட்சியாகிவிட்டது.

அதே ஆண்டு மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில், அத்திமூர் வழியாகக் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் காரை நிறுத்தி வழி கேட்டது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்த வந்தவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் அந்தக் காரில் இருந்தார்கள், அவர்களும் அடிபட்டார்கள். குலதெய்வத்தைத் தேடிப் போவது நம் வீடுகளில் எத்தனை பேர் செய்வது! இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்தே சொல்ல வேண்டும். குழந்தை கடத்தும் கும்பல் நுழைந்துவிட்டது என்ற செய்தி அப்போது தமிழ்நாட்டில் புலனத்தில் பரவியிருந்தது என்பது உறுதி. அந்தக் கராச்சிக் காணொலியைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஊர் அடித்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு நான் எழுதினால், நானும் இடம் மாற்றி ஒட்டியவனாவேன்.

பெரியம்மாவிடம் "காணொலி உண்மையா?" என்ற கேள்வியைப் பேசவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்ற மூன்றையும் கேளுங்கள். காணொலியை ஓரிடத்தில் நிறுத்தித் திரையைப் படமாகப் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்), படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே காட்சி பழைய தேதியில் வேறு நாட்டில் கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், இதுவரை யாரும் பதிவேற்றவில்லை என்று அர்த்தமாகாது. தேடல் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, வண்டி எண் பலகை எந்த நாட்டுடையது, காவலர் சீருடை என்ன நிறம் என்று பாருங்கள். வாகனங்கள் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மலேசியா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் எல்லாம் இடப்பக்கம்தான். குரலையும் நம்பாதீர்கள். காட்சி ஒரு நாட்டுடையதாகவும் மேலே பேசும் தமிழ்க் குரல் பின்னால் சேர்க்கப்பட்டதாகவும் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தமிழில் பேசுவதால் நம் ஊர்ச் செய்தி என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

பெரிய விபத்தோ பேரிடரோ நடந்த முதல் சில நாட்களில் இந்த வகை பெருகும். 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா தெருவில் நடைபாதை உள்வாங்கி இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உள்ளே விழுந்ததும், ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்காததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் எல்லாருக்கும் பதில் வேண்டும், அதிகாரிகளிடம் பதில் இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்ப உலகத்தின் எந்த மூலையிலும் சாலை உள்வாங்கிய காணொலி கிடைக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எதையும் அனுப்பாமல் இருப்பதே போதும் என்று வகுப்பில் சொல்வேன். இதைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. ஆனாலும் சொல்வதை நான் நிறுத்துவதில்லை.

அடுத்தது, திசைதிருப்பும் விதத்தில் சொல்லப்பட்ட உண்மை. மருத்துவச் செய்திகளில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம், கணக்கெடுத்த எண் அல்ல. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த 2020-இல் கபசுரக் குடிநீர் பற்றி எத்தனை செய்தி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு அதை நோய் எதிர்ப்புச் சக்திக்காக மக்களுக்கு வழங்கியது உண்மை. கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தபோது, "கொரோனாவைக் குணப்படுத்தும், அரசே சொல்லிவிட்டது" என்றாகிவிட்டது. முதல் பாதி நிஜம் என்பதால் இரண்டாவது பாதியும் அதன் தோளில் ஏறி வந்துவிடுகிறது. இந்த வகையை லென்ஸில் போட்டுப் பயனில்லை. வாக்கியத்தை இரண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆதாரம் கேட்க வேண்டும். மருந்துப் பொருளென்றால் இங்கே இன்னொரு வசதி உண்டு. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண்ணுக்குப் பின் டி (T) என்ற எழுத்து வரும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அந்த எண் இருந்தால் விளம்பரம் சொல்வதெல்லாம் நிரூபணமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரம்பரிய மருந்துக்குக் கன உலோகம், கிருமி, ஸ்டீராய்டு கலப்பு போன்றவை சோதிக்கப்படுகின்றன. நோயைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி.

தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். 2014 மார்ச்சில் எம்.எச்.370 காணாமல் போன சில நாட்களிலேயே, "விமானம் கிடைத்துவிட்டது, காணொலி பாருங்கள்" என்று முகநூலில் இணைப்புகள் பரவின. தட்டினால் காணொலி எதுவும் இல்லை. உங்கள் கணக்கையோ விவரங்களையோ பறிக்கும் பக்கம்தான் திறந்தது. உறவினர்கள் விமான நிலையத்திலும் விடுதிகளிலும் காத்துக் கிடந்த நேரத்தில் அதைச் செய்தார்கள் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

பணத்தைப் பறிப்பது பெரும்பாலும் இன்னொருவர் பெயரில் வரும் போலி. அரசின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் போலி இணைப்பு, வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தி, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் சின்னத்தை ஒட்டிய செய்தி அட்டை எல்லாம் இதில் அடங்கும். இங்கே உள்ளடக்கத்தை ஆராய்வது வீண். அது எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அந்த அளவுக்கு உங்களை ஏமாற்றும். வந்த இணைப்பைத் தட்டாமல், அந்தத் துறையின் அல்லது வங்கியின் முகவரியை உங்கள் கையால் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பத்திரிகைச் சின்னம் போட்ட அட்டையென்றால் அந்தப் பத்திரிகையின் சொந்தப் பக்கத்தில் அதே செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறிவிட்டால் மீட்பது கடினம், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பெரியம்மாவின் கைப்பேசியில் அந்த எண்ணை இன்றே பதிந்து வையுங்கள்.

இனி, அடியோடு புனையப்பட்டது. முன்பெல்லாம் இந்த வகை குறைவு, ஏனென்றால் உழைப்பு அதிகம் தேவைப்பட்டது. செயற்கை நுண்ணறிவு அந்த உழைப்பை இல்லாமலாக்கிவிட்டது. 2025-இல், பேராக் மாநிலத்தில் ஓடுவதாகச் சொல்லி "குவாக் ஸ்கைரைட்" என்ற கம்பிவட ஊர்தியைப் (கேபிள் கார்) பற்றி ஒரு காணொலி பரவியது. செய்தியாளர் பேசுகிறார், பயணிகள் சிரிக்கிறார்கள், பச்சை மலைகள் மேல் ஊர்தி போகிறது. அப்படி ஓர் ஊர்தி பேராக்கிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. எல்லாமே கணினி உருவாக்கியது, அதை உருவாக்கிய கருவியின் முத்திரைகூட மூலையில் இருந்தது. அதை நம்பி ஒரு வயதான தம்பதி கோலாலம்பூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தார்கள் என்ற செய்தியை உலகமே எழுதியது. அந்தக் காணொலி பொய் என்பது உறுதி. தம்பதியின் கதையோ, அங்கே ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்தவர் சமூக ஊடகத்தில் எழுதிய பதிவிலிருந்து கிளம்பியது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது நம்பும்படியாகவே தோன்றுகிறது. ஆனால் பொய்ச் செய்தியைப் பற்றிய செய்தியையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் சொன்னது என்றால், ஒருவர் சொன்னது என்றே எழுத வேண்டும்.

இதே கருவிகளால் பிரதமரும் பிரபலப் பாடகர்களும் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போன்ற காணொலிகளும் வந்துவிட்டன. விரல் ஆறு இருக்கிறதா, உதட்டசைவு ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லும் அறிவுரையை நான் வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தக் குறைகளைக் கருவிகள் வேகமாகச் சரிசெய்துகொள்கின்றன. மேலும், குறை தெரியாததெல்லாம் உண்மை என்ற பொய்யான தைரியத்தை அது கொடுத்துவிடும். ஓர் ஊர்தி திறக்கப்பட்டால் டிக்கெட் விலை இருக்கும், அந்த வட்டாரத்து ஆட்கள் பேசியிருப்பார்கள், தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா எழுதியிருக்கும். காணொலிக்கு வெளியே இருக்கும் அந்தத் தடயங்களைத் தேடுவதே இப்போது நம்பக்கூடிய வழி.

நையாண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மீம் பக்கங்களில் கேலியாகப் போட்டது, பக்கத்தின் பெயர் வெட்டப்பட்டு இங்கே வந்து செய்தியாகிறது. அந்த ஊர் அரசியல் நமக்குப் பழக்கமில்லாததால் கேலி என்று பிடிபடுவதில்லை.

வகை பிரிப்பதால் என்ன பயன் என்று கேட்டீர்கள். பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், நாடாளுமன்றம் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முழுமையாகவோ பகுதியாகவோ பொய்யான எந்தச் செய்தியும் தகவலும் அதன் வரையறைக்குள் வந்தன. தண்டனை ஆறு ஆண்டு வரை சிறை, 500,000 ரிங்கிட் வரை அபராதம். தீய எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது உண்மைதான். ஆனால் "பகுதியாகப் பொய்" என்ற வலையில் அவசரத்தில் ஒரு எண்ணைத் தவறாகப் போட்ட நிருபரும் விழுவார், ஆள் வைத்துப் பொய் தயாரிப்பவனும் விழுவான். இருவரையும் பிரிக்க எஞ்சியிருப்பது நோக்கம் மட்டும். அதுதான் எல்லாவற்றிலும் நிரூபிக்கக் கடினமானது. ஆட்சி மாறியபின் அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவை மேலவை ஒருமுறை தடுத்தது. பிறகு 2019 டிசம்பரில்தான் நீக்கம் நிறைவேறியது. சட்டமே வேண்டாம் என்பவனல்ல நான். மோசடிக்கும் வன்முறைத் தூண்டலுக்கும் கடுமையான தண்டனை வேண்டும். தவறையும் பொய்யையும் ஒரே கூடையில் போடும் சட்டத்தை மட்டும் என்னால் ஆதரிக்க முடியாது.

முதியவர்கள்தான் அதிகம் பரப்புகிறார்களா என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் கால முகநூல் பகிர்வுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்கள் இளையவர்களைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்த் தளக் கட்டுரைகளைப் பகிர்ந்தது தெரியவந்தது. ஆனால் எந்த வயதிலும் பெரும்பாலானோர் அப்படி ஒன்றுகூடப் பகிரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அமெரிக்க முகநூலில் கண்டதை மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் புலனக் குழுவுக்கு அப்படியே பொருத்த முடியாது. வகுப்பில் எனக்குத் தெரிவது, மூத்தவர்கள் அனுப்புவது பெரும்பாலும் எச்சரிக்கைச் செய்திகள், அதாவது பிள்ளைகளைக் காக்க நினைத்து அனுப்புபவை.

திருத்தினால் பிடிவாதம் கூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2010-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது, அது நெடுநாள் நம்பப்பட்டது. பின்னர் 52 விஷயங்களை வைத்துப் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்தபோது அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படவே இல்லை. திருத்தம் வேலை செய்கிறது. எல்லார் முன்னிலையிலும் திருத்துவது வேலை செய்யுமா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. நம் வீடுகளில் அது செய்யாது என்று நான் சொல்வேன். குழுவில் போடாமல் பெரியம்மாவைத் தனியாக அழையுங்கள். "பெரியம்மா, நீங்கள் அனுப்பிய காணொலி உண்மைதான், ஆனால் கராச்சியில் எடுத்தது, கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள், முழுசும் இருக்கிறது, அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். எது சரி என்பதை முதலில் சொல்லிவிட்டு எது மாறியிருக்கிறது என்பதைச் சொன்னால், தன்னைப் பொய்யர் என்றார்கள் என்ற எண்ணம் அவருக்கு வராது. குழுவுக்கு அந்தத் திருத்தத்தை அவரே அனுப்பட்டும்.

சரிபார்க்க, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் இருக்கிறது, அது மலாய் மொழியில். அதே ஆணையம் 2025-இல் ஐஃபா என்ற உரையாடிச் செயலியைக் கொண்டுவந்தது. தமிழிலும் கேட்கலாம் என்பதால் பெரியம்மாவே பயன்படுத்த முடியும். இரண்டும் அரசுடையவை. போலி உதவித் தொகை, வதந்தி, மோசடி போன்றவற்றுக்கு நன்றாக உதவும். செய்தி அரசாங்கத்தையே பற்றியதென்றால், அரசு மறுத்தது என்பது ஒரு தரப்பின் பதில் மட்டும்தான். அப்போது தனித்தனியாக விசாரித்து எழுதிய இரண்டு ஊடகங்களையாவது பாருங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதியவை இரண்டாகக் கணக்கில் வராது.

கடைசியாக ஒரு சிறு அடையாளம். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. அந்தக் குறி இருந்தால், அது எங்கிருந்து கிளம்பியது என்று அனுப்பியவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். குறி இல்லாவிட்டால் எதுவும் தெரியாது. யாரோ நகலெடுத்து ஒட்டினாலோ, பதிவிறக்கி மறுபடி ஏற்றினாலோ அம்பு மறைந்துவிடும். பெரியம்மாவிடம் முதலில் இந்த அம்பைக் காட்டுங்கள். வகுப்புக்கு வருகிற மூத்தவர்கள் வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.